ஒரு விரல் தாழ்ந்த தோள்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுச் சந்தையில் கனிஷாய் தன் புருஷனின் முதுகைப் பார்த்தாள்.

அது அவன் இல்லை என்று பார்த்த கணமே அவளுக்குத் தெரியும். போன நவம்பரில் ஆற்றைக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்து குதிரையோடு உள்ளே போனவன் அவன். குதிரை மட்டும் நனைந்த சேணத்தோடு வாசலில் வந்து நின்றது. அவனை மறுநாள் காலையில் ஆற்று வளைவில் எடுத்தார்கள். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, மண்ணில் வைத்து, ஏழாம் நாள், நாற்பதாம் நாள் எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. அத்தனையும் கூட இருந்து செய்தவள்தான். ஆனால் கால் கேட்டால்தானே. ஆடுகளுக்கும் வண்டிகளுக்கும் நடுவே அந்த நீல ஜெர்கின் போன வழியெல்லாம் மூன்றடி தள்ளி அவளும் போனாள்.

இடது தோள் ஒரு விரல் தாழ்ந்திருந்தது. வலது முழங்கையில் அவளே வைத்துத் தைத்த ஒட்டு. அந்த முதுகு குனிந்து ஒரு செம்மறியின் வால்கொழுப்பைக் கையால் தூக்கிப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது போலத் தோளைக் குலுக்கியது, பிறகு திரும்பியது. முன்பக்கம் நரைத்த மீசையோடு துய்ஷோ மாமா.

"யாருடா இது நிழலாட்டம் பின்னாலயே வர்றதுன்னு..." என்று ஆரம்பித்தவர் அவளைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். கை தன்னால் ஜெர்கின் ஜிப்பைப் பிடித்தது. "நீயாம்மா."

"ஒண்ணுமில்ல மாமா. இந்தப் பக்கமாப் போனேன்."

"நான் இதை இனிமே போடலம்மா. வீட்லயே வெச்சுடறேன்."

"எதுக்கு? குளிருக்குத்தானே தைச்சது. பெட்டிக்குள்ள வெச்சா பெட்டிக்கா குளிருது?"

அவர் சிரிக்கப் பார்த்து முடியாமல் ஆட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார். குளிப்பாட்டினவர்களுக்கு இறந்தவனின் உடுப்பு போகும். தொப்பி ஒருத்தருக்கு, பூட்ஸ் ஒருத்தருக்கு, ஜெர்கின் துய்ஷோ மாமாவுக்கு. ஆற்றில் கிடந்ததைப் பிழிந்து அடுப்புக்கு மேலே போட்டார்கள். கம்பளி மாதிரி முடியுள்ள ஃபிளீஸ் துணி, அரை நாளில் காய்ந்துவிட்டது. அதுதான் கனிஷாயால் மன்னிக்க முடியாத விஷயம். மனுஷன் விறைத்துப் போனான். துணி மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி காய்ந்து, அடுத்த ஆளுக்குச் சூடு கொடுக்கப் போய்விட்டது.

துய்ஷோ ஒருத்தர் மட்டும் என்றால் பரவாயில்லை. சந்தையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினால் இன்னும் ஏழெட்டு முதுகு. சாம்பல், கரும்பச்சை, நீலம். எல்லாம் அவள் தைத்தவை, எல்லாம் ஒரே பேட்டர்னில் வெட்டியவை. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவள் புருஷனை நிற்கவைத்து அளவெடுத்து, பள்ளிக்கூடத்தில் தூக்கிப்போட்ட பழைய சோவியத் தேசப்படத்தின் பின்பக்கத்தில் வரைந்து வெட்டிய பேட்டர்ன் அது. துணி ஒட்டிய காகிதம், கிழியவே கிழியாது. முதுகுத் துண்டைத் திருப்பினால் சைபீரியா, வலது கையில் கருங்கடல். பத்தொன்பது வயதில் குதிரையிலிருந்து விழுந்து காறையெலும்பு உடைந்து கூடியதில் அவனுக்கு இடது தோள் ஒரு விரல் தாழ்வு. அதற்கேற்ற மாதிரியே வரைந்தாள். வழக்கமாக முதுகுத் துண்டைப் பாதிதான் வரைவார்கள், துணியை மடித்து வெட்டிக்கொள்ளலாம். இதை மடிக்க முடியாது, முழுசாகத்தான் வரைய வேண்டும்.

அவன் அதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனான். பார்த்தவனெல்லாம் "எனக்கும் அதே மாதிரி" என்று வந்தான். தோளைச் சரிபண்ணி வேறு பேட்டர்ன் வரைய அவளுக்குச் சோம்பல், அப்படியே வெட்டிக் கொடுத்தாள். வேடிக்கை என்னவென்றால் அதுதான் எல்லோருக்கும் பிடித்துப்போனது. குதிரைமேல் இருக்கிறவனுக்குக் கடிவாளம் இடது கையில். அந்தத் தோள் எப்போதும் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். "கனிஷாய் தைச்சா குதிரைமேல இழுக்காது" என்று பேர். பதினோரு வருஷத்தில் அறுபது எழுபது தைத்திருப்பாள். அப்போது அது பெருமையாக இருந்தது. இப்போது எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

அன்றைக்கு அவள் வந்ததும் இன்னொரு ஜெர்கினுக்குத் துணி எடுக்கத்தான்.

ஜூராவின் கடை ஒரு பழைய லாரிப் பெட்டி. தொருகார்ட் கணவாய் வழியாக எல்லை தாண்டிக் காஷ்கரிலிருந்து வரும் துணிச் சுருள்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு மின்சார அடுப்பு, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு ஜூரா. பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி, வாய் கொஞ்சம் நீளம்.

"கருநீலமா? எத்தனை மீட்டர்?"

"ரெண்டு. நீட்டமான ஆளு, கொஞ்சம் கூடவே வெட்டு."

"யாருக்கு?"

கனிஷாய் துணியின் முடியை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். கீழ்நோக்கித் தடவினால் வழவழப்பு, மேல்நோக்கித் தடவினால் முரண்டு பிடித்தது. நல்ல துணி.

"யாருக்குன்னு கேட்டேன்டி."

"வீட்ல. கொழுந்தனாருக்கு."

ஜூரா காலை அடுப்பிலிருந்து எடுத்தாள். "மக்சத்துக்கா? அதே பேட்டர்ன்லயா?"

"அத்தை கேட்டாங்க. அவருக்கு வருஷம் முடிஞ்சு ஓதற பாத்தியா அன்னிக்குப் போட்டுட்டு வாசல்ல நிக்கணுமாம்."

"அப்போ முடிவு பண்ணியாச்சு. நிக்காஹ் ஓதாத குறைதான்."

"நான் ஒண்ணும் முடிவு பண்ணல."

"நீ பண்ண வேணாம்டி. நீ தைச்சதை அவன் போட்டுட்டு நின்னா ஊரே பண்ணிடும். உன் மாமியாருக்கு மூளை இருக்கு, ஒத்துக்கணும்." ஜூரா கத்திரியை எடுத்தாள், வைத்தாள். "நரின் டவுன்ல எங்க அக்கா தையல் கூடத்துக்கு வெட்டுறதுக்கு ஆள் இல்லாம தவிக்கிறா. உன் பேரைச் சொன்னேன். மெஷினைத் தூக்கிட்டு வந்தா போதும்னா. எத்தனை தடவை சொல்றது?"

"அத்தைக்கு யாரு இருக்கா?"

"அத்தைக்கு ஒரு பிள்ளை இருக்கான். அதை மொதல்ல அவங்ககிட்ட யாராவது சொல்லுங்க."

ஜூரா துணியை வெட்டிச் சுருட்டித் தூக்கிப் போட்டாள். கோபத்தில் இரண்டேகால் மீட்டர் வெட்டியிருந்தாள்.

அண்ணன் போனால் அண்ணன் பெண்டாட்டி தம்பிக்கு என்பது பாட்டன் காலத்து வழக்கம். இப்போது யாரும் கட்டாயப்படுத்துவதில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். கட்டாயப்படுத்தவும் இல்லைதான். கனிஷாயின் மாமியார் சோனுன்பூபு இந்த ஒரு வருஷத்தில் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கறியில் நல்ல துண்டை அவள் பக்கம்தான் தள்ளுவாள். பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டியதில்லை. அப்படி அன்பாக இருக்கிறவளிடம் எப்படி மாட்டேன் என்பது? திட்டுகிற மாமியாராக இருந்தால் கனிஷாய் எப்போதோ நரினுக்கு வண்டி ஏறியிருப்பாள்.

வீட்டுக்கு வந்தபோது சோனுன்பூபு பாத்தியாவுக்காக மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அடுப்பில் ஆட்டுப் புழுக்கைக் கட்டி புகைந்தது. உப்புப் போட்ட பால் தேநீர் ஓரத்தில் சூடாக இருந்தது.

"எடுத்துட்டியாம்மா? காட்டு. ம்... இதே நீலம்தான். அவனோடதும் மொதல்ல இப்படித்தான் இருந்துச்சு, அப்புறம்தான் வெளுத்துது." மாவுக் கையைத் துடைத்துவிட்டுத் துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும் அத்தை."

"நீ யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். வெக்கமா இருக்கும், எனக்குத் தெரியாதா. அவன் அதைப் போட்டுட்டு வாசல்ல நின்னு வர்றவங்க குதிரையைப் பிடிச்சுக் கட்டட்டும். பெரியவங்க பாத்துக்குவாங்க. அன்னிக்கே துக்கம் முடிஞ்சுதுன்னு உன் தலையில இருக்கற கறுப்புத் துணியை எடுத்துட்டு வெள்ளையைப் போட்டுடுவேன்." தேநீரை ஊற்றி நீட்டினாள். "நீ இந்த வீட்லயே இருந்துடுவ. எனக்கு அது போதும்."

கனிஷாய் தேநீரை வாங்கிக்கொண்டாள்.

"ஜோல்ச்சு!" என்று சோனுன்பூபு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள். "நெருப்பு அணையுது பாரு, கட்டி எடுத்துட்டு வா!"

"இதோம்மா" என்று வெளியிலிருந்து மக்சத் சொன்னான்.

குளிர்காலத்தில் அம்மா இப்படி அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது "நான் மக்சத்தும்மா" என்று திருத்துவான். வசந்தத்தில் திருத்துவதை விட்டுவிட்டான். பெற்ற வயிறு, வாய் தவறுகிறது என்று கனிஷாயும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் கட்டிகளைச் சுமந்துகொண்டு உள்ளே வந்து அடுப்பில் போட்டான். இருபத்தாறு வயது. அவள் மருமகளாக வந்தபோது பதினைந்து, முழங்கால் கிழிந்த பள்ளிக்கூடக் கால்சட்டையோடு நின்றவன். அந்தக் கிழிசலைத் தைத்ததுதான் இந்த வீட்டில் அவள் செய்த முதல் வேலை. இப்போது அண்ணனின் குதிரையில் போகிறான், அண்ணனின் சாட்டையைப் பிடிக்கிறான், அண்ணன் உட்கார்ந்த இடத்தில் உட்கார வைத்து அம்மா பரிமாறுகிறாள்.

மறுநாள் காலையில் பெரிய மேசையைத் துடைத்துத் துணியை விரித்தாள். பேட்டர்ன் துண்டுகளைக் கல் வைத்து அமுக்கினாள். காய்ந்த சோப்புத் துண்டால் சுற்றி வரைந்தாள். கை கண்ணை எதிர்பார்க்கவே இல்லை. அறுபது எழுபது தடவை போன பாதை. முடி கீழ்நோக்கி இருக்கணும், கழுத்துப் பட்டிக்கு மட்டும் குறுக்கு. கத்திரி போகப் போக நீலத் தூசி பறந்து அவள் இமையில் ஒட்டியது, தேநீரில் மிதந்தது. ஃபிளீஸில் ஒரு சௌகரியம், ஓரம் பிரியாது. ஒரு தொல்லை, தையல் முடிக்குள் புதைந்துவிடும். தப்பாகத் தைத்துவிட்டால் நூலைத் தேடிப் பிரிப்பதற்குள் கண் போய்விடும். அதனால் மெஷினில் ஓட்டுவதற்கு முன்னால் வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போட்டு ஆளுக்கு மாட்டிப் பார்த்துவிடுவது அவள் வழக்கம்.

வேலை செய்யும்போது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, யாருக்குத் தைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் புருஷனுக்குத் தைப்பது போலவே தைத்தாள். தோளை இணைக்கும்போது அந்த ஒரு விரல் தாழ்வு வந்து கைக்குள் உட்கார்ந்தது. நடுவில் ஒருமுறை தன்னை அறியாமல் வாசல் பக்கம் காதைக் கூடக் கொடுத்தாள், குதிரைச் சத்தம் கேட்கிறதா என்று.

புதன்கிழமை மதியம் மக்சத்தைக் கூப்பிட்டாள். மாமியார் பாத்திரங்கள் இரவல் வாங்கப் பக்கத்து வீடுகளுக்குப் போயிருந்தாள்.

"தம்பி, இதை மாட்டு. அந்தக் கதவுப் பக்கம் வெளிச்சத்துல நில்லு. கையை அசைக்காத, ஊசி இருக்கு."

மாட்டிக்கொண்டு கதவைப் பார்த்து நின்றான். வெளியே பனி விழுந்த வெளிச்சம். அவள் கீழ் ஓரத்தில் ஊசியைக் குத்தி, முதுகில் தொங்கிய இடத்தைப் பிடித்து இரண்டு தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

அவன் நின்றுகொண்டிருந்தான்.

மக்சத் இல்லை. அவன். இடது தோளைத் தாழ்த்தி, தலையைக் கொஞ்சம் வலது பக்கம் சாய்த்து, இனி குதிரையை அவிழ்க்கப் போகிறவன் மாதிரி. காதுக்குக் கீழே முடி வெட்டாமல் வளர்ந்த இடம்கூட அதேதான். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் எங்கள் பெண்களுக்குக் கிடையாது. பத்து வருஷம் அவனோடு வாழ்ந்தும் அந்தப் பெயரை அவள் உரக்கச் சொன்னதில்லை, ஆற்றங்கரையில் அவனைப் போட்டிருந்த அன்றும் சொல்லவில்லை.

"ஜோல்ச்சு" என்றாள்.

"ம்" என்றது அந்த முதுகு.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தாள்.

"அண்ணி" என்று அது மெதுவாகச் சொன்னது. "நூல் குடுக்கலியே."

உடம்பில் போட்டிருக்கிற துணியில் ஊசி ஓட்டினால், போட்டிருக்கிறவன் வாயில் ஒரு நூலைக் கடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கடிக்காதவனுக்குத் தைத்தால் ஊசி அவன் நினைவையும் சேர்த்துத் தைத்துவிடும். வாயில் நூல் இல்லாமல் தைப்பது ஒருத்தனுக்குத்தான், கபனில் கிடப்பவனுக்கு. இத்தனை வருஷத்தில் எத்தனை முதுகில் ஊசி ஓட்டியிருப்பாள், ஒரு தடவை மறந்ததில்லை. இன்றைக்கு இரண்டு தையல் போட்டுவிட்டாள்.

ஊசி கையிலிருந்து விழுந்தது. "யா அல்லா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தம்பி, நான்... வேணும்னு இல்ல. மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன்."

மக்சத் திரும்பினான். முகம் வெளுத்திருந்தாலும் சிரிக்கத்தான் பார்த்தான். "பரவால்ல அண்ணி. ரெண்டு தையல்தானே. என் நினைவுல தைக்கறதுக்கு என்ன பெருசா இருக்கு."

"நான் கூப்பிட்டதுக்கு ஏன் 'ம்'ன்ன?"

"தெரியல. யாரு கூப்பிட்டாலும் சொல்லிடறேன்." அவனும் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், ஊசிகள் குத்தாமல் கையை அகட்டி வைத்துக்கொண்டு. "ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. போன வாரம் பாத்தியாவுக்குச் சொல்ல முல்லா வீட்டுக்குப் போனேன்ல. அவரு துவா ஓதினாரு. அண்ணன் பேரைச் சொல்லி 'மவுத்தாப் போன ஜோல்ச்சுபெக்'ன்னாரு. நான் 'ம்'ன்னுட்டேன். அந்த மனுஷன் ஓதறதை நிறுத்திட்டு என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க."

கனிஷாய் சிரிக்கவில்லை.

"எனக்கும் சிரிப்பு வரல அண்ணி. வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தேன்." கீழே பார்த்தான். "அம்மாவுக்கு நான் குறுக்க நிக்கற கண்ணாடி மாதிரி. என்னைத் தாண்டித்தான் பாக்கறாங்க. சரி, அவங்களுக்கு நிம்மதின்னா இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன். இப்ப நீங்களும் அப்படிப் பாத்தா நான் எங்க போறது?"

"என்னைக் கட்டிக்கிறது பத்தி உன்கிட்டக் கேட்டாங்களா?"

"கேக்கல. சொன்னாங்க."

"உனக்கு என்ன வேணும்?"

அவன் ஜெர்கினின் இரண்டு உள்பக்கத்தையும் தடவிப் பார்த்தான். "உள்பாக்கெட்டு வலது பக்கம் வேணும்" என்றான் கடைசியில். "நான் இடது கை அண்ணி. அண்ணன் ஜெர்கின்ல இடது பக்கம் இருக்கும். கைவிட்டு எடுக்கறதுக்குள்ள சுளுக்கிக்கும். சின்ன வயசுலேர்ந்து நீங்க எனக்குத் தைச்சதெல்லாம் அப்படித்தான். சொல்லணும்னு நெனப்பேன், விட்டுடுவேன்."

பதினோரு வருஷம் ஒரே வீட்டில் சோறு போட்டவள். அவன் எந்தக் கையால் எடுத்துச் சாப்பிட்டான் என்பதைக்கூடப் பார்க்கவில்லை. கனிஷாய்க்கு அவமானமாக இருந்தது.

"கழட்டு அதை" என்றாள்.

வெட்டிய துணியை வளர்க்க முடியாது. தாழ்ந்த தோளை ஏற்ற வேண்டுமென்றால் வேறு துணிதான் வெட்ட வேண்டும். நீலத்தில் மிச்சம் ஒரு கைக்குட்டை அளவுதான். அலமாரியில் செங்கல் நிற ஃபிளீஸ் ஒரு துண்டு இரண்டு வருஷமாகக் கிடந்தது. இந்த நிறத்தைப் போட்டால் காளை முட்டும் என்று ஆட்டுக்காரர்கள் யாரும் சீந்தவில்லை. அதை எடுத்து மேசையில் போட்டாள்.

"சிவப்பாவா?" என்றான் மக்சத்.

"செங்கல். ஏன், பிடிக்கலியா?"

"பிடிக்கும். யாரும் எனக்கு இதுவரைக்கும் இந்தக் கலர் எடுத்ததில்ல."

"பனியனோட வந்து நில்லு. நேரா. தோளைத் தாழ்த்தாத."

"நான் தாழ்த்தலியே அண்ணி."

"தாழ்த்தியிருக்க." இரண்டு தோளிலும் கை வைத்து இடது பக்கத்தைத் தூக்கிவிட்டாள். அது திரும்ப இறங்கியது. மறுபடி தூக்கினாள். மூன்றாவது தடவை நின்றது. அண்ணனைவிட மார்பு குறுகல், கை நீட்டம், கழுத்து மெல்லிசு. தேசப்படத்துப் பேட்டர்னைச் சுருட்டி மேசைக்கடியில் வைத்துவிட்டு, டேப்பில் பார்த்துப் பார்த்துத் துணியிலேயே சோப்பால் வரைந்தாள். புது ஆள் ஒருத்தனுக்குத் தைப்பது போலக் கை தடுமாறியது. வரைந்த கோட்டை இரண்டு இடத்தில் அழித்து வரைந்தாள்.

இந்த முறை உடம்பில் ஊசி ஓட்டுவதற்கு முன் நூலை நீட்டினாள். அவன் பல்லால் கடித்துக்கொண்டு நின்றான்.

வெள்ளிக்கிழமை முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பியது. குதிரை அறுத்தார்கள். பெரிய கொப்பரைகளில் கறி கொதித்து ஆவி கூரைக்கு மேலே போனது. சோனுன்பூபு விடியற்காலையிலிருந்து சமையல்கட்டை விட்டு வரவில்லை, மாவுத் தட்டைகளை அறுக்கிற பெண்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் குதிரைகளை மக்சத் வாங்கிக் கட்டினான். பனி பொடியாக விழுந்துகொண்டிருந்தது.

பகலில் ஓதல் ஆரம்பித்தது. ஆண்கள் முற்றத்தில் கம்பளம் விரித்து, சமையல்கட்டுக்கு முதுகு காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். நாற்பது பேருக்கு மேல். கறித்தட்டை எடுக்க வந்த கனிஷாய் ஜன்னலருகே நின்றுவிட்டாள். ஊருக்கு மரியாதையாக, அவள் புருஷனுக்கு மரியாதையாக, யாரும் சொல்லிவைக்காமலேயே அவரவர் வீட்டில் இருந்த அவள் தைத்த ஜெர்கினைப் போட்டு வந்திருந்தார்கள். சாம்பல், நீலம், கரும்பச்சை. வரிசை வரிசையாக இடது தோள் ஒரு விரல் தாழ்ந்திருந்தது. தோள்களில் பனி படிந்தது. அத்தனை பேரும் அவன்தான். அவனுக்காகவே அவன் நாற்பது பேராக வந்து உட்கார்ந்து ஓதுகிறான்.

"எங்க அவன்?" என்றாள் பின்னால் வந்து நின்ற சோனுன்பூபு. "புது நீலத்தைக் காணோமே."

"அதோ, நடுவுல."

"எங்க?... அது யாரு அந்தச் சிவப்பு?"

"உங்க சின்ன மகன் அத்தை."

சோனுன்பூபு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அந்தச் செங்கல் முதுகு மற்றவர்களுக்கு நடுவே இரண்டு தோளும் நேராக உட்கார்ந்திருந்தது.

"நீலம் என்னாச்சு?"

"பிரிச்சுட்டேன்."

"பிரிச்சுட்டியா!" குரல் உயரவில்லை, அடிபட்டது போல உள்ளே போனது. "ஒரு வருஷத்துல உன்கிட்ட நான் என்னடி கேட்டேன்? காலையில குதிரையை அவுத்துட்டு அவன் வாசலைத் தாண்டிப் போவான். இந்த ஜன்னல்ல நின்னு பாப்பேன். எனக்கு முகம்கூட வேணாம். முதுகு போதும். அதைக்கூட நீ தரமாட்டியா?"

"எனக்கும் அதுதான் வேணும் அத்தை. அதனாலதான் பிரிச்சேன்." கனிஷாய்க்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "அதை உங்க சின்ன மகனுக்கு மாட்டிப் பாத்தேன். உங்க பெரிய மகனேதான். நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவரும் 'ம்'ன்னாரு. இவரைக் கட்டிக்கிட்டா காலம் பூரா இவரை அந்தப் பக்கம் திரும்பி நில்லு, திரும்பி நில்லுன்னே சொல்லிட்டிருப்பேன் அத்தை. என்னால முடியாது. நான் கட்டிக்க மாட்டேன். நரின்ல ஜூராவோட அக்கா தையல் கூடத்துக்குக் கூப்பிடறாங்க, போயிடறேன்."

"என் பிள்ளையை ரெண்டாந்தடவை புதைக்கிற நீ."

"ஒருத்தரைத்தான் புதைச்சோம். இன்னொருத்தரை ஒரு வருஷமா உயிரோட புதைச்சிட்டிருக்கோம், நீங்களும் நானும். அவரு இடது கைக்காரரு அத்தை. உங்களுக்குத் தெரியும், பெத்தவங்க. எனக்கு முந்தாநேத்துதான் தெரிஞ்சுது."

வெளியே "ஆமீன்" என்று நாற்பது குரல் எழுந்தது. கைகள் முகத்தைத் தடவி இறங்கின. துய்ஷோ மாமா எழுந்து சமையல்கட்டு வாசலுக்கு வந்தார். ஓதல் முடிந்ததும் கல்யாணத்தைப் பற்றி வந்து கேட்கச் சொல்லி அவரிடம் ஏற்கெனவே சோனுன்பூபு சொல்லிவைத்திருந்தாள்.

"அக்கா, பெரியவங்க காத்திட்டிருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

சோனுன்பூபு வாசற்படியில் போய் நின்றாள். அவள் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் கனிஷாயின் மீதி வாழ்க்கை இருந்தது. தாழ்ந்த தோள்களின் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அந்த அம்மாள் பார்த்தாள், எதையோ எண்ணுவது போல.

"ஜோல்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "மக்சத்" என்றாள்.

அவன் திரும்பவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"ஏ மக்சத்! காது என்ன அடைச்சா போச்சு?"

அவன் திரும்பினான். மற்ற நாற்பது பேரும் திரும்பினார்கள். ஒவ்வொருத்தனுக்கும் அவனவன் முகம் இருந்தது. மக்சத் எழுந்து, பனியைத் தட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்த்தபடி நின்றான். சோனுன்பூபு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த நிறம் உனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு துய்ஷோவிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "பெரியவங்ககிட்ட சொல்லு. என் மருமக நரினுக்குப் போறா. நாளைக்கு மெஷினைத் தூக்கி வண்டியில வெக்க ரெண்டு ஆள் வேணும்" என்றாள்.

திரும்பி வந்து கனிஷாயின் தலையிலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்தாள். வெள்ளையைக் கட்டும்போது முடிச்சு விழவில்லை, கனிஷாயே போட்டுக்கொண்டாள். அதன் பிறகு, புதைத்த அன்றுகூட வாய் திறக்காத அந்த அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாள். "ஜோல்ச்சுபெக், என் ஜோல்ச்சுபெக்" என்று பெயர் சொல்லிச் சொல்லி அழுதாள். முற்றத்தில் கறித்தட்டைத் தூக்கிக்கொண்டு போன மக்சத் அந்தப் பெயருக்கு "ம்" சொல்லவில்லை.